வாப்பாவின் வெள்ளிக் காசுகள்

பழைய வெள்ளிக் காசுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று தட்டாரின் தராசு சொல்லும் விலை. மற்றது காசின் முகத்திலேயே எழுதியிருக்கும் விலை. இரண்டாவதை வாசிக்காமல் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பின்னேரத்துக்குள் முழுவதையும் விற்று முடித்த குடும்பங்கள் எங்கள் கரையோரத்தில் பல உண்டு. நேயர்களே, எங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பிரித்து விற்றபோது நான் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டகம் இருக்கக்கூடும்.

எங்கள் மூத்தவாப்பா கோமாரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் இடையே, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வயலும் காடுமாகக் கிடக்கும் ஊர் அது. வேளாண்மை வெட்டி நெல் விற்றவர்கள் கடன் தீர்க்க வருவார்கள். அவர்கள் கொடுத்த காசில் நல்ல வெள்ளியை அவர் ஒதுக்கி வைப்பார். கடை வாப்பாவின் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது கடை போனது. பெட்டகம் உப்புநீரில் ஊறியபடி மண்ணுக்குள் கிடைத்தது. வாப்பா மௌத்தான பின் அதைத் திறந்து எண்ணினோம். 157 உருப்படிகள் இருந்தன.

உரிமையாளர் நான்கு பேர்: உம்மா, ராத்தா, நான், தங்கச்சி. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது. ஆகவே விற்பது என்று முடிவானது. மச்சான் அழைத்து வந்த வியாபாரி ஒருவர் காசுகளைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் கலவை வெள்ளி தம்பி. ஒண்டாப் போட்டு நிறுத்து, பாதி வெள்ளிக் கணக்கில எடுப்பம்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். சில காசுகள் உண்மையிலேயே பாதி வெள்ளிதான். எவை பாதி, எவை முழுசு என்பதுதான் கேள்வி. ஒரு கிழமை தவணை கேட்டேன். மச்சானுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

முதலில் இவ்வளவு வெள்ளி இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிரித்தானியர் காலத்து இலங்கையில் ஒரு ரூபா வெள்ளிக் காசு இங்கே தனியாக அச்சிடப்படவில்லை. இந்திய ரூபாவே இங்கும் செல்லுபடியானது. 1872இல் ரூபாவை நூறு சதமாகப் பிரித்து இலங்கைக்கென்று கணக்கு முறை வந்தது. செப்புச் சதங்கள் ஏற்கெனவே 1870ஆம் ஆண்டைத் தாங்கி வந்திருந்தன. 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் 1892இலிருந்து வந்தன. இடையில் 1884இல் ஒரு பெரிய இடி விழுந்தது. நாட்டில் தாள் காசு வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அறிவித்துத்தான் நிலைமையைச் சமாளித்தார். தாளில் எழுதிய ரூபா ஒரே நாளில் காற்றாகலாம் என்று ஒருமுறை கண்டுவிட்ட சனங்கள் வெள்ளியை மண்ணுக்குள்ளும் பெட்டகத்துக்குள்ளும் வைத்தார்கள் என்றால், அதைப் பத்தாம்பசலித்தனம் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி, பிரிக்கும் வேலை. யாருடையது என்று பிரிப்பதுதான் முதல் பிரிப்பு. ஆண்டும் அரசனும் அதற்குப் பிறகுதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் பெட்டகத்தில் வளையம் ஒட்டிய ஏழு காசுகள் ஒரு கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. ஆறு ரூபாக் காசுகளும், நடுவே பெரியதொரு வெள்ளிக் காசும். அதை எடுத்ததும் உம்மா சொன்னா: "மகன், இது என்ட உம்மா எனக்கிட்டது. உங்கட வாப்பாட இல்ல." அவ்வளவுதான், அது குவியலைவிட்டு வெளியே போனது. மனைவியின் நகை கணவனின் பெட்டகத்தில் இருந்தது என்பதற்காகக் கணவனின் சொத்தாகிவிடாது. மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான். மையித்துச் செலவு, கடன், வஸிய்யத் ஆகிய இவை கழிந்த பிறகே பங்கு. மரணசாசனம் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் சட்டப்படியே போக வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது.

உம்மாவின் கயிற்றில் நடுவே இருந்த அந்தப் பெரிய காசில் ஒரு பருத்த பெண்மணியின் தலையும் 1780 என்ற ஆண்டும் இருந்தன. இது ஒஸ்திரியா நாட்டு மரியா தெரேசா தாலர். அந்த அரசி 1780இல் இறந்துவிட்டார். ஆனால் செங்கடற் பக்கத்து வியாபாரிகள் வேறு காசை நம்பவில்லை. ஆகவே அதே முகத்தோடும் அதே ஆண்டோடும் பிற்காலத்திலும் பல நகரங்களில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 28 கிராம் நிறை. ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. அறபு நாட்டு வணிகத்தோடும் ஹஜ் பயணத்தோடும் தொடர்புள்ள கரைகளில் இது நகையாகத் தொங்குவதில் வியப்பில்லை. 1780 என்று கண்டவுடன் இருநூறு வருடத்துக் காசு என்று யாராவது விலை சொன்னால் மட்டும் நிதானியுங்கள். வளையம் ஒட்டிய காசு சேகரிப்பவர் கண்ணில் பழுதுபட்ட காசு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, வெள்ளி அல்லாததை நீக்குவது. சிறு காந்தம் ஒன்று போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி அல்ல, உண்மைதான். 1947இன் இந்திய ரூபா நிக்கல், அது ஒட்டும். ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளியும் அல்ல. புத்த ஜயந்திக்காக 1957இல் இலங்கை இரண்டு காசுகளை வெளியிட்டது. ஒரு ரூபா செப்பும் நிக்கலும் கலந்தது, ஐந்து ரூபா வெள்ளி. அந்த ஐந்து ரூபா 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஐந்து இலட்சம் காசுகள் அடிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிந்திய காசு வெள்ளியாக இருக்காது என்று நினைத்து அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். எங்கள் பெட்டகத்தில் நான்கு இருந்தன. வெள்ளி அல்லாதவை பதினொன்று.

மூன்றாவது பிரிப்புத்தான் காசு சம்பந்தப்பட்டது. இந்திய ரூபா 1835இலிருந்து 11.66 கிராம் நிறையில் ஒரே அளவாக வந்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நம் மூத்தவர்கள் மருந்துக்கும் பொன்னுக்கும் 'ஒரு ரூபா நிறை' என்று சொன்னது இதைத்தான். அது ஒரு தோலா. யுத்தம் வந்தது. 1940இலிருந்து ரூபாவில் வெள்ளி சரிபாதியாகியது. மிச்சத்தில் நாற்பது பங்கு செப்பு, நிக்கலும் நாகமும் ஐந்தைந்து பங்கு. நிறையும் அகலமும் மாறாததால் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆண்டைப் பார்க்க வேண்டும், விளிம்பையும் பார்க்க வேண்டும். பழையதன் விளிம்பில் நெருக்கமான கோடுகள் மட்டும் இருக்கும். யுத்தகாலத்து ரூபாவின் விளிம்பைச் சுற்றி நடுவே ஒரு பள்ளம் ஓடும். கள்ளக் காசு அடிப்பவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. எங்கள் காசுகளைப் பொறுத்தவரை கடலே ஒரு சாட்சி சொல்லியிருந்தது. உப்புநீரில் ஊறி, நல்ல தண்ணீரில் கழுவப்படாமல் கட்டிவைக்கப்பட்டவற்றில், செப்பு மிகுந்த யுத்தகாலக் காசுகள்தான் பச்சை பூத்திருந்தன. பழையவை வெறுமனே கறுத்திருந்தன.

இலங்கைச் சதக் காசுகளுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு, அது 1919. முதலாம் உலக யுத்தத்தின் பின் வெள்ளி விலை ஏறியதால் உலகெங்கும் காசில் வெள்ளியைக் குறைத்தார்கள். பிரித்தானியா தன் சொந்தக் காசிலேயே 1920இல் குறைத்தது. இங்கே 1917 வரை ஐம்பது சதத்தில் ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, 1919இலிருந்து 550. ஒன்றின் நிறை 5.83 கிராம். ஆகவே பழைய ஐம்பது சதத்தில் 4.66 கிராம் வெள்ளியும் பிந்தியதில் 3.2 கிராமும் உண்டு. கடைசி வெள்ளி ஐம்பது சதம் 1942இனது. மறுவருடம் மஞ்சள் உலோகம் வந்துவிட்டது. பனை மரமும் அதன் இருபுறமும் தமிழும் சிங்களமும் பொறித்த இந்தக் காசுகள்மேல் எனக்குத் தனிப் பிரியம். மேசையில் வைத்தால் முதலில் கை போவது அவற்றின் மீதுதான். எங்களிடம் 38 இருந்தன. அவற்றில் 23 பழைய தரம்.

இப்போது வியாபாரியின் கணக்குக்கு வருவோம். கயிற்றில் இருந்தவை போக, குவியலில் ரூபாக் காசு 95. அதில் 61 முழு வெள்ளி, 34 யுத்தகாலத்தது. முழு வெள்ளி ரூபா ஒன்றில் 10.69 கிராம் தூய வெள்ளி. 61க்கு 652 கிராம். யுத்தகாலத்தது ஒன்றில் 5.83 கிராம். 34க்கு 198 கிராம். ஆகமொத்தம் 850 கிராம். எல்லாவற்றையும் பாதி வெள்ளி என்று எடுத்திருந்தால் கணக்கில் வந்திருப்பது 554 கிராம்தான். ஏறத்தாழ 296 கிராம் வெள்ளி, அதாவது இருபத்தைந்து ரூபா நிறைக்கு மேல், ஒரே தட்டில் போட்டு நிறுத்த குற்றத்துக்காகப் போயிருக்கும். தேய்மானத்தால் சில கிராம் குறையும். அதற்காக இந்த இடைவெளி மூடிவிடாது. இந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டிய பிறகுதான் மச்சான் என்னோடு பாயில் உட்கார்ந்து விளிம்பு பார்க்கத் தொடங்கினார். அவருடைய கண் என்னுடையதைவிடக் கூர்மை.

இதெல்லாம் உலோக விலை மட்டுமே. காசின் முகம் சொல்வது வேறு. 61இல் மூன்று வில்லியம் அரசனுடையவை, 1835ஆம் ஆண்டு பொறித்தவை. நான்காவது வில்லியம் என்பதை நான்கு கோடு போட்டு எழுதியிருப்பார்கள். விக்டோரியாவின் 1840ஆம் ஆண்டுக் காசுகள் எட்டு. ஒரு விடயம்: அக்காலத்தில் ஆண்டை வருடாவருடம் மாற்றவில்லை. 1862 என்று பொறித்த ரூபா 1874 வரை அடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் உள்ள சின்னஞ்சிறு புள்ளிகளின் எண்ணிக்கைதான் உண்மையான வருடத்தைப் பிரிக்க உதவுகிறது. புள்ளி எண்ணுகிற பொறுமை உள்ளவனுக்கு ஒரே ஆண்டுப் பொறிப்புக்குள் பொதுவானதும் அரியதும் தனித்தனியாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துத் தங்கச்சியின் மகள் எண்ணித் தந்தாள்.

ஐந்தாம் ஜோர்ஜ் அரசனின் 1911ஆம் ஆண்டு ரூபா இரண்டு இருந்தன. அதன் கதை நம்மவர்களுக்குச் சுவையானது. அரசனின் அங்கியில் பொறித்த யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்வைக்குப் பன்றிபோல் தெரிந்தது. மன்னரின் மார்பில் பன்றியா என்று முஸ்லிம்கள் முகம் சுளிக்க, காசு திருப்பி எடுக்கப்பட்டது. 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். வெளியே தப்பிய 1911 ரூபாவுக்குச் சேகரிப்போரிடம் வெள்ளி விலைக்கு மேல் கேள்வி உண்டு. கோமாரிக் கடைக்கு அது எப்படி வந்ததோ! மூத்தவாப்பா உற்றுப் பார்த்திருந்தால் கல்லாவிலேயே வைத்திருக்க மாட்டார். மிக அரிய ரூபா என்று பேர்பெற்றது 1939இனது. எங்களிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். விலை கூடிய ஆண்டுக்குத்தான் போலி செய்கிறார்கள். நிறை 11.66 கிராமுக்கு வருகிறதா, விளிம்பில் வார்ப்பின் மூட்டுக்கோடு தெரிகிறதா, எழுத்துகள் மழுங்கிச் சவர்க்காரம்போல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ரூபாவைவிடச் சிறிதாக, யானை ஒன்று நிற்கும் காசும் ஒன்று கிடைத்தது. மறுபக்கம் நான்காம் ஜோர்ஜ், ஆண்டு 1821. நம் முன்னோர் இறைசால் என்று சொன்னது இதைத்தான். இலங்கைக்கென்றே அடித்த வெள்ளி. 1825இல் பிரித்தானிய நாணயக் கணக்கு வந்தபோது இதற்கு ஒரு சிலிங்கும் ஆறு பென்சும் என்று மதிப்பு வைத்தார்கள். இதை வேறாக எடுத்துக் கடதாசி உறையில் போட்டேன்.

கடைசியாகக் கிடந்தது காசு என்றே யாருக்கும் தோன்றாத ஒன்று. மடித்து வளைத்த தடித்த வெள்ளிக் கம்பி, தூண்டில் முள்போல. புடைவையில் குத்தும் ஊக்கு என்றா ராத்தா. அது லாரி என்னும் காசு. பாரசீகத்தின் லார் நகரத்தால் பெயர் பெற்று, இந்து சமுத்திரக் கரைகளெங்கும் ஓடிய வெள்ளி. இலங்கையில் அதைக் கொக்கியாக வளைத்தார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்தத் தூண்டில் வடிவக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். கொட்றிங்ரனின் 1924ஆம் ஆண்டு நூலில் இலங்கைக் காசுகளைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி உண்டு. அதை நூலகத்தில் தேடிப் படிப்பது எவருக்கும் பயன். கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையிலும் பழைய காசுகளைப் பார்த்து ஒப்பிடலாம். லாரி போன்ற தொன்மையான பொருளுக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. விற்பதற்கு முன்பும் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வதே புத்தி. ஆகவே அது விற்பனைக் குவியலில் சேரவில்லை.

பிரிக்கிற நாட்களில் பெரிய போராட்டம் கழுவாமல் காப்பதுதான். விருந்தாளி வரும்போது குத்துவிளக்கையும் செம்பையும் துலக்குகிற கை, கறுத்த காசைக் கண்டால் சும்மா இருக்காது. புளியும் சாம்பலும் பற்பசையும் காசின் மேற்பரப்பைச் சுரண்டிவிடும். பளபளப்பு வரும், சேகரிப்பவர் தரும் விலை போகும். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் மண்ணையும் உப்பையும் நீக்கி, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது. இறப்பர் பட்டியால் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மெதுமெதுப்பான மலிந்த பிளாஸ்டிக் உறைகளும் காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கக்கும். கடற்காற்று வீசும் ஊரில் இதெல்லாம் இரட்டிப்பு வேகத்தில் நடக்கும்.

விற்பனை இரண்டு வழியாக நடந்தது. தேய்ந்த ரூபாக்களையும் யுத்தகாலத்தவற்றையும் சாதாரணச் சதக் காசுகளையும் தரவாரியாகத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் நிறையையும் வெள்ளிப் பங்கையும் எழுதி, மூன்று கடைகளில் விலை கேட்டோம். கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தூய வெள்ளி ஒரு கிராமுக்கு இன்றைக்கு எவ்வளவு தருவீர்கள்?" உருக்குச் செலவு என்று ஏதோ கழிப்பார்கள், அது நியாயமே. ஆனால் கேள்வியை அப்படிக் கேட்டால் கலவை வெள்ளி என்ற பேச்சு எழாது. வில்லியம், 1840, புள்ளி எண்ணிய 1862, 1911, இறைசால், நல்ல நிலையிலிருந்த சதங்கள் ஆகியவற்றை இருபுறமும் விளிம்பும் படமெடுத்துக் கொழும்பிலுள்ள சேகரிப்போருக்கு அனுப்பினோம். நான்கு பேரிடம் விலை வாங்கிய பிறகே ஒருவருக்குக் கொடுத்தோம். கைக்கு வந்த மொத்தம், முதல் வியாபாரி சொன்னதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நடுவில் ஒரு கடைக்காரர், காசுக்குப் பதிலாக ராத்தாவின் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு தருவதாகச் சொன்னார். காசின் நிறை கூட, கொலுசின் நிறை குறைவு, மிச்சம் கூலியாம். ராத்தாவுக்கு ஆசைதான். ஊர் ஆலிம்சாவிடம் கேட்டோம். வெள்ளிக்கு வெள்ளி மாற்றும்போது நிறை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும், கூடக்குறைந்தால் அது வட்டியில் ஒரு வகை என்றார். காசை முதலில் பணத்துக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் கொலுசை வாங்கும்படி சொன்னார். அப்படியே செய்தோம். பணமாக விற்றதால் கொலுசின் கூலி எவ்வளவு என்பதும் வெளியே வந்தது. வேறு கடையில் அதைவிடக் குறைவு.

பங்கு பிரித்ததும் பணமாகவே. 32 பங்கில் உம்மாவுக்கு 4, எனக்கு 14, ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் தலைக்கு 7. காசுகளை எண்ணிக்கையால் பிரிக்கலாம் என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை இருந்தது. அப்படிப் பிரித்திருந்தால் ஒருவரின் பங்கில் 1835 விழுந்திருக்கும், இன்னொருவரின் பங்கில் 1944 விழுந்திருக்கும். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்திருக்கும். வாப்பா றமழானில் ஸக்காத் கணக்கு எழுதிய கடைக் கொப்பியைப் பார்த்தேன். அவரும் காசை எண்ணிக்கையில் எழுதவில்லை, வெள்ளி நிறையில்தான் எழுதியிருந்தார். நிஸாப் என்பது 200 திர்ஹம், ஏறத்தாழ 595 கிராம் வெள்ளி. எங்கள் பெட்டகம் அதைத் தாண்டியிருந்தது.

தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கொக்கிக் காசை நான்கு பேரும் ஒத்துக்கொண்ட மதிப்பில் அவள் தன் பங்கில் கழித்து எடுத்துக்கொண்டாள். கடதாசி உறையில், மேலே பெயரும் நிறையும் எழுதி, அலுமாரியில் வைத்திருக்கிறாள். திணைக்களத்துக்குக் காட்டுவதற்காகப் படமும் எடுத்தாயிற்று.